பேரம் பேசாதவர்

மதுரையில் பிறந்து வளர்ந்து, சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டுப் போகிற ஒரே ஒரு மனுஷியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை சார் என்பார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரம் பேசுவதில் நான் பேர் வாங்கியவன். அலுவலகத்தில் யார் வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்க வேண்டிய தேவை இல்லாத பொருளுக்குக்கூட விலை கேட்டு, பாதியாகக் குறைத்து, ‘அப்புறம் வாரேன்’ என்று சொல்லிவிட்டு நடப்பேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்டவரை உட்கார வைத்தது யார் செய்த வேலையோ.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலக வாசலில் முத்தையாவின் வண்டி வந்து நிற்கும். முத்தையா முன்பு கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, செக்கானூரணிப் பக்கம் தன் அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் மருந்து அடிக்காமல், உரம் போடாமல் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு வருவார். மார்க்கெட் விலையைப்போல ஒன்றரை மடங்கு சொல்வார், சில நாள் இரண்டு மடங்கு.

“என்னப்பா, கத்திரிக்காய் விக்கிறியா, கம்மல் விக்கிறியா?” என்று நான்தான் ஆரம்பிப்பேன். முத்தையா சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை என் பையில் போட்டு என் வாயை அடைப்பார். என் மனைவி ஒரே ஒருமுறை அந்தக் கத்திரிக்காயில் குழம்பு வைத்துவிட்டு, இனிமேல் இதுதான் என்று சொல்லிவிட்டாள். அதனால் வாங்காமலும் இருக்க முடியாது. குறைக்காமல் வாங்கவும் என்னால் முடியாது.

அக்கா விலையே கேட்க மாட்டார். கேட்பதெல்லாம் வேறு. “பாத்தி எப்ப கட்டுனீங்க? களை யாரு எடுத்தா? அந்தப் பக்கம் மழை பேஞ்சுச்சாமே, தண்ணி நின்னுச்சா?” முத்தையா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். அக்கா கேட்டதை மறக்கவும் மாட்டார். அடுத்த வாரம் வந்து, “அந்த மேற்கால பாத்தி என்னாச்சு?” என்று விட்ட இடத்தில் பிடிப்பார். கடைசியாக ஒரு கேள்வி உண்டு. பூச்சிக்கு முத்தையா இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்துக் கரைத்துத் தெளிப்பார். அதைப் பற்றிச் சொன்னதும், “யாரு அடிச்சது?” என்பார் அக்கா. என்ன அடித்தது என்று கேட்க மாட்டார், யார் அடித்தது என்றுதான் கேட்பார். “நான்தான்க்கா, வேற யாரு” என்பார் முத்தையா. அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எடுப்பார்.

வசதியானவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவனியாபுரத்திலிருந்து பெரியார் நிலையத்தில் பஸ் மாறி வருவார். ஷேர் ஆட்டோ பக்கமே போக மாட்டார். செருப்பு அறுந்தால் மூன்று தடவை தைத்துப் போடுவார். குடைக்கு இரண்டு நிறத்தில் துணி. தீபாவளிக்கு எடுத்த சேலையைப் பொங்கலுக்கும் அதுதான் புதுசு என்று கட்டிக்கொண்டு வருவார். இப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் கொண்டுபோய்ச் சொத்தைக் கத்திரிக்காயில் போடுகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஆர்கானிக் அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். அது அவர் காதுக்கும் போயிற்று. கோபப்படவில்லை.

ஏதோ வியாதி, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. நான் நேராகவே கேட்டேன்.

“எனக்கு என்ன சார் வியாதி? கல்லு மாதிரிதான் இருக்கேன்” என்றார்.

அது உண்மை என்றே தோன்றியது. நாலு மணிக்கு எதிர்த்த டீக்கடையிலிருந்து பஜ்ஜி வாங்கி, எண்ணெயைப் பழைய பேப்பரில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிற ஆள் அவர். “அந்த எண்ணெயும் ஆர்கானிக்காக்கா?” என்று ஒருநாள் மடக்கினேன். “பசிக்குது சார், திங்கிறேன்” என்றார். உடம்புக்காகச் சாப்பிடுகிறவர் இப்படி பஜ்ஜி தின்ன மாட்டார் என்பது வரைக்கும் என் புத்திக்கு எட்டியது. அதற்கு மேல் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குக் காய்கறி எடுக்க மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அங்கே முத்தையாவைப் பார்த்தேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் பாகற்காயும் கத்திரிக்காயும் வாங்கித் தன் கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மார்க்கெட் சாக்கில் இருந்ததைத் தன் கூடைக்கு மாற்றி, மேலே கறிவேப்பிலைக் கொத்தை வைத்தார். என்னை அவர் பார்க்கவில்லை. எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் பொய். சந்தோஷம்தான் வந்தது. ‘இதுவும் மார்க்கெட் சரக்குத்தான்’ என்று இரண்டு வருடமாக நான் சொன்னதுதானே கடைசியில் சரியாகிவிட்டது.

பத்தரை மணிக்குள் அலுவலகம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். அக்காவிடம் சொல்ல மட்டும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் காத்திருந்தேன். பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. சாயங்காலம் அவன் வரட்டும், சட்டையைப் பிடித்துக் கேட்போம் என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். “தெரியும் சார்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம என்ன சொன்னாரு? பாகற்கொடி இப்பத்தான் பந்தல் ஏறுதுன்னாரு. போன வெள்ளிக்கெழமயே ரெண்டு கிலோ பாவக்கா கொண்டாந்தாரு. ஏழு நாள்ல எங்க சார் காய்க்கும்?”

“தெரிஞ்சுமா அம்புட்டுக் காசு கொடுத்து வாங்குனீங்க?”

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “இன்னைக்கு ஒரு நாள் ஒண்ணும் கேக்காதீங்க. அங்க வாசல்ல வச்சுக் கேட்டா மனுசன் அத்தோட போயிருவாரு. நான் கேட்டுச் சொல்றேன்” என்றார். அத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் உதவி என்று எதுவும் கேட்டதில்லை. அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஒருவரும் வண்டிப் பக்கம் போகவில்லை. முத்தையா நிறைந்த கூடைகளோடு நின்று, போகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் போனார். பாகற்காய் ஒரு கிலோ வாங்கி, சொன்ன விலையைக் கொடுத்தார். அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதிலேயே முத்தையாவுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மிச்சம் சில்லறையைக் கொடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

திரும்பி வந்த அக்கா என்னிடம், “ஞாயித்துக்கெழம ஒங்க ஸ்கூட்டர் சும்மாத்தான சார் இருக்கும்?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் முத்தையா எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார். “வாங்கக்கா, வாங்கண்ணே” என்றார். அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார்.

கத்திரிச் செடி முழுக்கக் காய் தொங்கியது. ஒவ்வொரு காயிலும் ஓட்டை. முத்தையா ஒன்றைப் பறித்துப் பிளந்து காட்டினார். உள்ளே புழு நெளிந்தது. பாகற்கொடி பந்தலில் பாதி ஏறி, இலை சுருண்டு நின்றது.

“கரைசல் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன்க்கா. கேக்கல. ரெண்டு வாரம் காய் இல்லாம வந்தா நீங்கள்லாம் வேற எடம் பாத்துருவீங்க. புடிச்ச ஆளுகள விட்டுட்டா நான் மறுபடி கம்பெனிக்குத்தான் போகணும். அதான் மார்க்கெட்ல எடுத்தேன். தப்புத்தான்.” நிறுத்திவிட்டு மோட்டார் ரூமைப் பார்த்தார். “நாளைக்கு ஒரே ஒரு தடவ மருந்து அடிச்சுட்டேன்னா அடுத்த மாசம் நம்ம காயே வந்துரும். அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்.”

மோட்டார் ரூம் சுவரில், முதுகில் சுமந்து அடிக்கிற புது ஸ்பிரேயர் டேங்க் மஞ்சள் நிறத்தில் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கீழே ஒரு லிட்டர் மருந்து பாட்டில். மேலே கொடிய விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம்.

இப்போது அக்கா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

“யாரு அடிக்கப் போறது?”

“நான்தான்க்கா.”

“மேலுக்கு என்ன கட்டிக்குவீங்க?”

“துண்டுதான்.”

அக்கா வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார். “எந் தம்பியும் துண்டுதான் கட்டியிருந்தான்” என்றார்.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வேகத்திலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அதுவும் கத்திரித் தோட்டம்தான், உசிலம்பட்டிப் பக்கம். டேங்க் ஒழுகித் தம்பியின் முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. இன்னும் இரண்டு பாத்திதானே என்று முடித்துவிட்டு, அந்தச் சட்டையோடேயே சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். கண் மங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

“பதினஞ்சு நாள் கழிச்சு அந்தக் காயைப் பறிச்சோம். அவன் வளத்தது, செடியிலயே அழுக விட மனசு வரல. நானும் எங்க அப்பாவும் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனோம். ஒரு சொத்தை கெடையாது முத்தையா, அம்புட்டும் பளபளன்னு இருந்துச்சு. ஒரு ஆளு வந்தாரு. நல்ல மனுசன்தான், ஒண்ணும் தெரியாது அவருக்கு. கூடையப் பொரட்டிப் பாத்துட்டு, கிலோவுக்கு எட்டணா கொறைங்கன்னாரு. எங்க அப்பா என்னையப் பாத்தாரு. கொறச்சுக் கொடுத்துட்டாரு.”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“அதுலேருந்து எனக்கு எங்கயும் வாய் வரல” என்றார். தெரிந்துமா காசு கொடுத்தீர்கள் என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்று தெரிந்தது. எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. முத்தையாவிடம் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை செவ்வாய்க்கிழமை கம்மல் விக்கிறியா என்று கேட்டிருக்கிறேன். அந்த எட்டணாக்காரர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு ரூபாய் குறைத்திருப்பேன், குறைத்துவிட்டு வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “காய் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. கீரை இருந்தா கீரை கொண்டா. ஒண்ணும் இல்லைன்னாலும் வந்து நில்லு, நான் வந்து பேசிட்டுப் போறேன். டேங்க் இருக்கட்டும், கரைசலுக்கு ஆகும். அந்தப் பாட்டில எடு. எம்புட்டுக்கு வாங்குன?”

முத்தையா பணம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. விலையைச் சொல்ல வைத்து, அந்த ரூபாயை அப்படியே அவர் சட்டைப் பையில் வைத்தார்.

வருகிற வழியில், முத்தையா பாட்டில் வாங்கிய பூச்சிமருந்துக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் பொறுமையானவர். “வித்த மருந்தத் திரும்ப எடுக்க மாட்டோம்மா. சீல் ஒடைக்கலைல்ல, தோட்டம் வச்சிருக்க யாராச்சும் சம்சாரிகிட்ட பாதி வெலைக்குக் கொடுத்துருங்க. சந்தோசமா வாங்கிக்குவாக” என்றார்.

அக்கா பாட்டிலை மறுபடி பேப்பரில் சுற்றினார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்: “பாதி வெலைக்கு வாங்குனாலும் முதுகுலதான சார் தூக்கணும்.” அவனியாபுரம் வரைக்கும் அதைக் கைக்குழந்தைபோல மடியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முத்தையா கத்திரியை முழுக்கப் பிடுங்கிப் போட்டார். அந்தப் பருவம் நட்டம்தான். வெள்ளிக்கிழமை வந்து, மார்க்கெட்டில் வாங்கி விற்றதை எல்லோர் முன்பும் அவர் வாயாலேயே சொன்னார். எங்கள் ஆட்களில் நாலு பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டு மாதம் வரைக்கும் அவர் கூடையில் முருங்கைக்கீரையும் தண்டங்கீரையும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் எலுமிச்சம்பழம். அக்கா பதினைந்து எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, புதுப் பாத்தியைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க அவர் டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சோறுதான். நானும் ஒருநாள் அதில் பாதியை வாங்கிச் சாப்பிட்டேன், கிண்டல் செய்யவில்லை.

பாட்டிலை என்ன செய்வது என்பது மட்டும் தீரவில்லை. வீட்டில் பேரப்பிள்ளை தவழ்கிறது என்று அக்கா அதை அலுவலகத்துக்கே கொண்டுவந்து, தன் இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழைய ஃபைல்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

“வாசல் சாக்கடையில ஊத்திவிட்டுருங்கக்கா” என்றேன்.

“சாக்கடை எங்க சார் போகுது?”

“வைகைக்கு.”

“வைகை எங்க போகுது?”



மூன்று வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்று, ஓசூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய இருக்கை எனக்கு வந்தது. கடைசி நாளில் பொறுப்பை ஒப்படைக்கும்போது பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முத்திரைகள், பதிவேடுகள், ஸ்டேப்ளர், சாவிக்கொத்து. நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அலமாரியைத் திறந்து, குனிந்து, பட்டியலில் இல்லாத அந்தப் பேப்பர் பொட்டலத்தைக் காட்டினார். “இத யாருக்கும் கொடுத்துறாதீங்க” என்றார். அதற்குக் கையெழுத்துக் கேட்கவில்லை.

முத்தையா இப்போதும் வருகிறார். புதுக் கத்திரிச் செடி காய்க்கிறது. பாதிக்குப் பாதி சொத்தை விழும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவருகிறார். விலை இன்னும் கூடியிருக்கிறது. அவர் சொன்ன விலையை நான் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் மட்டும் குறைத்துத்தான் வாங்கினேன் என்று சொல்கிறேன். இத்தனை வருடத்துப் பெயரை ஒரே நாளில் கெடுத்துக்கொள்ள முடியாதல்லவா. மற்ற கடைகளிலும் வாய் முன்போல் வரமாட்டேன் என்கிறது. மிக்ஸி வாங்க என்னை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

மருந்தின் காலாவதித் தேதி போய்விட்டது. கெட்டுப்போனதா, இன்னும் கொல்லுமா, தெரியாது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்று நானும் நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன், மனசுக்குச் சமாதானமான பதில் வரவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அக்கா போன் செய்வார். முத்தையா என்ன கொண்டுவந்தார், யார் களை எடுக்கிறார்கள், கரைசல் யார் அடிக்கிறது என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்.

“சார், அது இருக்கா?”

நான் பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து, குனிந்து பார்ப்பேன். பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனசு வராது.

“இருக்குக்கா. ஒரு சொட்டுக்கூடக் கொறையல.”